விருதுக்கும் முறை பார்த்த மச்சான்

தொலைக்காட்சியில் விருது அறிவிப்பு முடிந்ததும், எங்கள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்புவார். "நான் சொன்னனா இல்லீங்களா, மாப்ள?" என்பார். அவர் சொல்லியிருக்க மாட்டார். காலையில் டீக்கடையில் அவர் சொன்ன பெயர் வேறு, இப்போது மேடையில் நிற்கிற ஆள் வேறு. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "நான் சொன்னது அடுத்த வருசத்துக்கு. இவங்க அவசரப்பட்டு மாத்திக் குடுத்துட்டாங்க" என்று முடித்துவிட்டுச் செருப்பைத் தேடுவார். ஒரு மனிதர் முக்கால்வாசி வருடம் தப்பாகச் சொல்லி, ஒவ்வொரு வருடமும் தான் சொன்னதே நடந்தது என்று எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பள்ளிபாளையத்தில் நான் தறி ஓட்டுகிற ஷெட்டிலேயே அவர் மேஸ்திரி. அவருடைய சம்சாரம் இறந்துபோன பிறகு, எங்கள் தெருவிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வந்து சாப்பிடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே பேசுவதில்தான். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, பேச்சும் வராது. டீக்கடைக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வெளியே நின்று குடித்துவிட்டு வந்துவிடுகிற ஆள். மச்சானோ தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, இந்த வருடம் சிறந்த நடிகர் யார் என்று ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி அறிவிக்கிறவர். பொங்கல் போய்க் கொஞ்ச நாளானால் அவருக்கு அது தொடங்கிவிடும். டிவிக்காரர்கள் கொடுப்பது, பத்திரிகைக்காரர்கள் கொடுப்பது, சென்னையில் கொடுப்பது, டெல்லியில் கொடுப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டில் கொடுப்பதைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. அந்த நடிகர்களின் பெயர் வாயில் நுழையாததால், "அந்தத் தாடிக்காரன்", "அந்த ஒசரமான பொம்பள" என்று சொல்லுவார்.

படத்தையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாலாவது பரவாயில்லை. பார்க்கவே மாட்டார். "படத்தப் பாத்துட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சுக்கும் மாப்ள. கணக்கு தப்பிப் போயிரும்" என்பார். என்ன கணக்கு என்றால், முறைக் கணக்கு. மச்சான் குடும்பத்துக்குச் சொந்த ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். அங்கே மாரியம்மன் பண்டிகையில் முதல் மாவிளக்கு எடுப்பதற்கு ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு முறை உண்டு. இந்த வருடம் மேற்குத் தெருவுக்கு என்றால் அடுத்த வருடம் கிழக்குத் தெருவுக்கு. அதில் தகராறு வந்தால் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். யார் முறை எந்த வருடம் தவறியது, அதை எந்த வருடம் ஈடுகட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அது கோயிலோடு நின்றிருக்கலாம். விருது கொடுக்கிற இடத்திலும் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது என்று டீக்கடைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து, அதுவும் நம் ஊர்ப் பண்டிகைக் கமிட்டி மாதிரிதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"போன வருசம் கேரளாவுக்குக் குடுத்தாச்சு. அதுக்கு மின்னால வடக்க. இப்ப நம்ம பக்கம் வரோணுமில்லீங்க?"

"நடிச்சதப் பாத்துக் குடுக்கறாங்கன்னு சொல்றாங்களே, மேஸ்திரி" என்பார் டீக்கடைக்காரர்.

"மாவெளக்கு நல்லா எரியறதப் பாத்தா மொதல் மரியாதி குடுக்கறோம்? மொறையப் பாத்துத்தான குடுக்கறோம்."

சில வருடங்களில் அவர் சொன்னது பலித்தும் தொலைத்தது. ரொம்ப நாளாக விட்டுப்போன ஒரு பெரிய நடிகருக்கு, அவர் நடித்ததிலேயே சுமாரான படத்துக்கு விருதைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மச்சானைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இதெல்லாம் ஊரில் உள்ளவர்களைப் பற்றிப் பேசாதவரைக்கும் வெறும் எரிச்சல்தான். பிறகு அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஒரு சின்னப் படக் கம்பெனி காவிரிக் கரையோரம் ஒரு தறி ஷெட்டில் படம் பிடிக்க வந்தது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்கள் வேண்டும் என்று கேட்டு, என் மனைவியையும் சேர்த்து நாலைந்து பேரை நிற்க வைத்தார்கள். நின்றவளைப் பார்த்து அந்த இயக்குநர், கதாநாயகியின் அம்மாவாக நீங்களே நடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பெண் பையோடு வந்து நிற்கிறாள். அம்மா சோறு போட வேண்டும், போட்டுக்கொண்டே ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். என் மனைவிக்கு அந்த வசனம் மறந்துபோய்விட்டது. கேமராவைக் கண்ட பயத்தில் வாயே வரவில்லை. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், தண்ணீர்ச் செம்பைக் கிட்டத்தில் நகர்த்தி வைத்தாள், பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஷெட்டின் வாசலில் நின்று, மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். படம் வந்ததும் பத்திரிகையில் அந்த மௌனத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரு பேப்பரில் அவளுடைய படத்தையும் போட்டிருந்தார்கள். "மறந்துபோச்சுங்க, அதுக்கு இத்தன பேச்சுங்களா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் அந்தப் பேப்பரை மடித்துப் பீரோவில் வைத்ததை நான் பார்த்தேன்.

அந்த வருடம் ஒரு டிவி விருதில் சிறந்த துணை நடிகைக்கான ஐந்து பெயர்களில் அவள் பெயரும் வந்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு நடமாட முடியவில்லை. ஜோசியம் சொல்லத் தெரியாத ஆளே பள்ளிபாளையத்தில் இல்லை என்று ஆகிவிட்டது. அக்காவுக்குத்தான் கிடைக்கும் என்று ஷெட்டில் சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள். தெருப் பையன்கள் முடிவு வருவதற்கு முன்பே பேனர் வைத்துவிட்டார்கள். அதன் மூலையில் என் படம். கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து கழுத்துக்கு மேலே வெட்டி ஒட்டியிருந்தார்கள், மாலையின் ஓரம் காதருகே தெரிந்தது. நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டு, வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அவள் யார் சொன்னதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்பதற்குத்தான் காத்திருந்தாள். ஊருக்கெல்லாம் பேர் சொல்கிற மனிதர், தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு. அவராக வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் தோசையை வைத்துக்கொண்டே அவளே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ணா, எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலியே."

மச்சான் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "இந்த வருசம் உனக்கில்ல, அம்மிணி" என்றார். "அந்தப் பெரியம்மா ஒருத்தி இருக்கறாங்க பாரு, அம்மா வேசம் போட்டே தல நரைச்சவங்க. மூணு தடவ பேரு வந்து குடுக்காம தாட்டி உட்டுட்டாங்க. அவங்க மொறை இது. நீ இப்பத்தான வரிசைல வந்து நிக்கறே."

"படத்தப் பாத்தீங்களாங்ணா?"

"முடிவு வரட்டும், பொறவு பாக்கறேன். இப்பப் பாத்தாச் சரியா வராது."

அவள் அடுத்த தோசையைக் கல்லிலேயே கருகவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மச்சானுக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை. சொந்தத் தங்கச்சி, ஒரு வார்த்தை பொய்யாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம். கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

ஈரோட்டில் ரயிலேறி நாங்கள் இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். அந்த அரங்கத்தில் குளிர் தாங்க முடியவில்லை. எங்களுக்குக் கடைசியிலிருந்து சில வரிசைகள் முன்னால் இடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேரின் காட்சிகளையும் பெரிய திரையில் போட்டபோது, அவள் சோறு போடுகிற இடத்தில் அவ்வளவு கூட்டமும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தியது. எனக்கே இவளுக்குத்தான் என்று தோன்றிவிட்டது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்ட பெயர் அவளுடையதும் இல்லை, மச்சான் சொன்ன பெரியம்மாவுடையதும் இல்லை. சின்ன வயசுப் பெண் ஒருத்தி எழுந்து ஓடினாள். என் மனைவி கையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தட்டினாள். பெரியம்மாவும் முன் வரிசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஈரோடு ஸ்டேஷனில் மச்சான் வந்து நின்றிருந்தார். பையை என் கையிலிருந்து வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் சொன்னனா இல்லீங்களா?" அந்தப் பெண்ணை அவர் எங்கே சொன்னார்? இவளுக்குக் கிடைக்காது என்று சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆட்டோவில் அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேனரைப் பையன்கள் அதற்குள் கழற்றியிருந்தார்கள், அந்த மட்டில் நிம்மதி.

சித்திரைப் பிறப்பன்று மத்தியானம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். விருதுதான் முடிந்துவிட்டதே என்று மச்சானும் வந்து உட்கார்ந்தார். அவள் சோறு போடுகிற காட்சி வந்தது. பெண்ணின் முகத்தைப் பார்க்கிற இடத்தில் சரியாக விளம்பரம் போட்டுவிட்டார்கள். "நேரம் பாத்துப் போட்டாம் பாரு, கெரகம்" என்று முணுமுணுத்தார். விளம்பரம் முடிந்து மிச்சக் காட்சியும் வந்து போனது. அப்புறம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, சாப்பிடாமல்கூடப் போய்விட்டார். அவர் பேசாமல் எழுந்துபோன ஒரே நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருட விருதுக் காலம் தொடங்கியது. டீக்கடையில் யாரோ, துணை நடிகை யாருக்குங்க மேஸ்திரி என்று கேட்டார்கள். நான் வழக்கம்போல வெளியே கிளாஸோடு நின்றிருந்தேன்.

"அம்மிணிக்கு" என்றார் மச்சான்.

"எந்த அம்மிணி?"

"எந்தங்கச்சிதான். வேற ஆரு?"

உள்ளே சிரிப்பு எழுந்தது. "அவங்க இந்த வருசம் ஒரு படத்துலயும் இல்லீங்களே" என்றார்கள்.

"அந்தப் படத்துக்குத்தான். ஊர்ல சாவு உழுந்து பண்டிகை நின்னுபோச்சுன்னா, அந்த வருசத்து மொறைய ஒண்ணுமில்லாமயா ஆக்கிப்போடறோம்? அடுத்த வருசம் குடுக்கறதில்லீங்களா?"

இப்படி ஒரு கணக்கை அந்த ஊரில் வேறு எவனும் போட முடியாது. விருது தவறிப்போனது என்பது அவர் கணக்கில் பண்டிகை நின்றுபோன மாதிரி. நின்றது இன்னும் கொடுக்கப்பட வேண்டியதாக இருக்கிறது. இதை ஒரு வருடம் சொல்லிவிட்டு விட்டாரா என்றால் இல்லை. ஒவ்வொரு வருடமும் சொன்னார். மற்ற எல்லா விருதுக்கும் பேர் மாறும், துணை நடிகை என்று வந்தால் மட்டும் மாறாது. அவளை அதற்கப்புறம் ஒருவரும் நடிக்கக் கூப்பிடவில்லை. இரண்டொரு தடவை கூப்பிட்டதும் கூட்டத்தில் நிற்பதற்கு. அவள் போகவில்லை. பழையபடி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மறக்கவேண்டியதை மறந்துவிட்டு இருக்கிறவளை மளிகைக் கடையில் நிறுத்தி, "ஏனக்கா, இந்த வருசம் உங்களுக்காமில்ல?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து சாமானைத் தொப்பென்று வைப்பாள்.

"அண்ணா, கும்புட்டுக் கேக்கறேன். எம் பேர எடுக்காதீங்க. கடைத்தெருவுல தல காட்ட முடியல."

"மொறையச் சொன்னா அவனுகளுக்குச் சிரிப்பு வருது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சாமி?"

"உங்க மொறையக் கொண்டு ஆத்துல போடுங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். மறுநாள் ஷெட்டில் மறுபடியும் சொல்லுவார். அவள் அழுததை இரண்டொரு தடவை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் முழுக்க அவள் பக்கம்தான். மச்சான் மேல் இருந்த கோபத்தை மனசுக்குள் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டே இருந்தேன், வெளியே வரவில்லை.

போன வருடம் பொங்கலுக்கு முன்னால் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். முன்னறையில் கட்டிலைப் போட்டோம். ஒரு கை வரவில்லை, பேச்சு குழறியது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரரும் ஷெட்டிலிருந்து இரண்டு பேரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டீக்கடைக்காரர், பழைய நினைப்பில், மனிதரைச் சிரிக்கவைக்கலாம் என்று கேட்டார்.

"பேரு வந்திருக்குதுங்க, மேஸ்திரி. இந்த வருசம் ஆருக்கு?"

மச்சான் வாயைக் கோணிக்கொண்டு, வருகிற கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் காட்டினார். "அம்... மிணி" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை வருடமும் அடக்கிவைத்தது எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே வர வேண்டுமா?

"விடுங்க மச்சான்" என்று கத்திவிட்டேன். "ஒரே ஒரு படத்துல ஒரு தடவ சோறு போட்டா. அதுக்கு வருசா வருசம் அவள ஊர் சிரிக்க வெக்கறீங்களே. போதுமுங்க. அவளுக்கு ஒரு நாளும் வராது."

என் குரலை அவ்வளவு பெரிதாக நானே கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து அவள் கரண்டியோடு வந்தாள். நமக்காகப் பேசினாரே என்று பார்ப்பாள் என நினைத்தேன்.

"ஏனுங்க, அவரு சொன்னாச் சொல்லிட்டுப் போறாரு. உங்களுக்கு என்னங்க போச்சு?" என்றாள். "வராதுன்னு நீங்க கண்டீங்களா?"

மச்சான் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நான் சொன்னனா இல்லீங்களா என்பது அப்படியே இருந்தது. அவள் அவர் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனாள். நான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். கடைத்தெருவில் தலை காட்ட முடியவில்லை என்றவள் இவள்தானே, முறையைக் கொண்டுபோய் ஆற்றில் போடச் சொன்னவள் இவள்தானே. இத்தனை வருடம் நான் யார் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள்.

அந்த வருட விருது முடிவு வருவதற்கு முன்னால் மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

இந்த வருடம் மறுபடியும் அந்தக் காலம் வந்துவிட்டது. டீக்கடையில் இப்போது யாரும் பேர் சொல்வதில்லை, அவரவர் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். மளிகைக் கடையிலும் அவளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. நான் வேண்டியதெல்லாம் இந்த அமைதிதான். அது கிடைத்தபின், காய் வாங்கிவிட்டு வருகிறவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத்தான் என்னவோ போல இருக்கிறது. போன ஞாயிறு மத்தியானம் விருது விழாவைப் போட்டார்கள். நான் கட்டில் கிடந்த இடத்தில் பாயில் படுத்திருந்தேன். அவள் முறத்தில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நரம்பெடுத்துக்கொண்டிருந்தாள். துணை நடிகைகளின் பெயர்களை வரிசையாகப் படித்தார்கள்.

"ஆருக்கு வரும்னு நெனைக்கறீங்க?" என்றாள், காயைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கென்ன தெரியும்?"

"எங்கண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சா சொன்னாரு?"

மேடையில் யாரோ ஜோக் சொல்லி நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த மனிதர் இருந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்களே என்று வந்தது. எழுந்து உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடியே, "உனக்குத்தான்" என்றேன். சரியாகக் கேட்டிருக்குமோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா உங்களுக்கு?" என்றாள் அவள். "நடிக்காதவளுக்குக் குடுக்கறதுக்கு அவங்களுக்கென்ன கெரகமா? வயசாகுதுன்னா பேச்சும் இப்பிடியா ஆகும்?"

மேடையில் உறையைப் பிரித்தார்கள். அவள் முறத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு மச்சான் மேல் மறுபடியும் கோபம் வந்தது.